வராத அணிகளும் வந்த அணியும்: 1972, 1973 ஐந்து நாடுகள் றகர் போட்டித் தொடர்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பக்கத்து ஊர்க் கழகத்தோடு வருடா வருடம் நடக்கும் உதைபந்தாட்டப் போட்டிக்கு இந்த முறை போவதா, இல்லையா என்று நம்முடைய இளைஞர்கள் இரண்டு கிழமையாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப இங்கே எழுதப் போவதில்லை. நேற்று தரம் 11 வகுப்பில் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: "சேர், போகாமல் விட்டால் என்ன நட்டம்? ஒரு மெச் தானே?"

வரலாறு படிப்பிக்கிற ஆளுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் சும்மா விட மனம் வராது. அவனுக்கு வகுப்பில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இது அயர்லாந்தில் நடந்த கதை. விளையாட்டு றகர்.

முதலில் போட்டித் தொடரைப் பற்றி. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு அணிகளும் 1883ஆம் ஆண்டு முதல் தங்களுக்குள் விளையாடி வந்தன. 1910இல் பிரான்ஸ் சேர்ந்ததும் அது ஐந்து நாடுகள் தொடர் ஆனது. 2000இல் இத்தாலி சேர்ந்தது. இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் ஆறு நாடுகள் தொடர் அதுதான். நாம் பேசுகிற காலத்தில் ஒவ்வோர் அணியும் மற்ற நான்கோடும் ஒரு தடவை மோதும். மொத்தம் பத்துப் போட்டிகள். இந்த வருடம் நீங்கள் எங்கள் மைதானத்துக்கு வந்தால், அடுத்த வருடம் நாங்கள் உங்களிடம் வருவோம். நான்கிலும் வென்றால் அதற்குக் கிராண்ட் ஸ்லாம் என்று பெயர். சமநிலை வந்தால் பிரித்துப் பார்க்கப் புள்ளி வித்தியாசக் கணக்கு எதுவும் அப்போது கிடையாது.

இதில் அயர்லாந்து அணி ஒரு தனி ரகம். 1921இல் அந்தத் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தெற்கு தனி நாடாகும் பாதையில் போனது. வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவோடு இருந்தன. உதைபந்தாட்டச் சங்கமும் பிரிந்து இரண்டு அணிகள் உண்டாகின. றகர் சங்கம் மட்டும் பிரியவில்லை. 1879இல் ஒன்றாக உருவான அந்தச் சங்கம் ஒரே அணியை வைத்துக்கொண்டது. வடக்கில் பிறந்து பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் புரட்டஸ்தாந்துக்காரரும், தெற்கில் பிறந்த கத்தோலிக்கரும் ஒரே பச்சைச் சட்டையில் டப்ளின் நகரின் லான்ஸ்டவுன் றோட் மைதானத்தில் இறங்குவார்கள். 1972 அணியில் தலைவர் டொம் கியர்னன் தெற்கில் உள்ள கோர்க் நகரத்தவர். அணியின் தூணாக நின்ற வில்லி ஜோன் மக்பிரைட் வடக்கில் அன்ட்ரிம் மாவட்டத்துக்காரர். மைக் கிப்சன் பெல்ஃபாஸ்ட்.

அந்த வடக்கில்தான் அப்போது நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கே சிறுபான்மையாக இருந்த கத்தோலிக்கர்கள் வீடு, தொழில், வாக்குரிமை ஆகியவற்றில் தங்களுக்குப் பாரபட்சம் காட்டப்படுவதாகச் சொல்லி 1968இல் வீதிக்கு இறங்கினார்கள். கலவரம் முற்றி 1969இல் பிரித்தானிய இராணுவம் வந்தது. 1971 ஓகஸ்டில் விசாரணை இல்லாமல் ஆட்களைப் பிடித்து அடைக்கும் முறை கொண்டுவரப்பட்டது. அது என்ன செய்யும் என்று இந்த நாட்டில் இருக்கும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

இப்போது 1972 தொடருக்கு வருவோம்.

ஜனவரி 29, சனிக்கிழமை. அயர்லாந்து பாரிஸில் பிரான்ஸை 14-9 என்று வென்றது. 1952க்குப் பிறகு, இருபது வருடங்களில் பாரிஸில் கிடைத்த முதல் வெற்றி. அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, வடக்கில் டெரி நகரில், விசாரணையில்லாத் தடுப்புக்காவலை எதிர்த்து ஊர்வலம் போன மக்கள் மீது பிரித்தானியப் பரசூட் படையினர் சுட்டார்கள். 13 பேர் அன்றே இறந்தார்கள். காயப்பட்ட இன்னொருவர் சில மாதங்களின் பின் இறந்தார். கொல்லப்பட்டவர்களின் கையில் ஆயுதம் இருந்தது என்றுதான் அரசாங்கத் தரப்பு பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்களால் எந்த ஆபத்தும் இருக்கவில்லை, அந்தச் சூடு நியாயமற்றது என்று பிரித்தானியப் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டது 2010 ஜூனில். முப்பத்தெட்டு வருடங்கள் கழித்து.

பெப்ரவரி 2ஆம் திகதி டப்ளினில் கூடிய பெரும் கூட்டம் அங்கிருந்த பிரித்தானியத் தூதரகத்தை எரித்தது.

இந்தச் சூட்டோடு சூடாக, பெப்ரவரி 12ஆம் திகதி அயர்லாந்து அணி லண்டனுக்குப் போய் இங்கிலாந்தோடு விளையாட வேண்டியிருந்தது. அவர்கள் போனார்கள். டுவிக்கன்ஹாம் மைதானத்தில் விளையாடி, முடியும் நேரத்தில் கெவின் ஃபிளின் போட்ட ட்ரையோடு 16-12 என்று வென்றார்கள்.

அயர்லாந்துக்கு இரண்டு வெளியூர்ப் போட்டிகள், இரண்டிலும் வெற்றி. மிச்சம் இருந்த இரண்டும் சொந்த மண்ணில்: பெப்ரவரி 26 ஸ்கொட்லாந்து, மார்ச் 11 வேல்ஸ். அயர்லாந்து அதுவரை ஒரேயொரு தடவை, 1948இல், கிராண்ட் ஸ்லாம் எடுத்திருந்தது. தொடரைத் தனியாக வென்று 21 வருடங்கள் ஆகியிருந்தன. அப்படியொரு வாய்ப்பு வாசலுக்கு வந்து நின்ற நேரம்.

ஸ்கொட்லாந்து வரவில்லை. வேல்ஸும் வரவில்லை.

வீரர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்ததாகப் பேச்சு இருந்தது. தூதரகம் எரிந்த நகரம். வீட்டில் மனைவி, பிள்ளைகள் பயந்தார்கள். அந்தக் காலத்து றகர் வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. வங்கியிலும் பாடசாலையிலும் பண்ணையிலும் வேலை செய்துவிட்டுச் சனிக்கிழமை விளையாட வருகிறவர்கள். அப்படிப்பட்ட ஒருவர், "என் உயிர் முக்கியம், நான் வரவில்லை" என்றால் நாம் எப்படிக் குறை சொல்வது? 1972இல் மட்டும் அந்தக் கலவரத்தில் 480 பேரளவில் கொல்லப்பட்டார்கள். முப்பது வருடத்தில் அதுதான் மிக மோசமான வருடம். பயத்துக்கு நியாயம் இருந்தது. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போக மறுத்தவர்கள் எல்லோரும் கோழைகள் என்று யாரும் இந்தப் பதிவை வைத்துப் பேச வேண்டாம்.

ஆனால் மாணவன் கேட்டது நட்டக் கணக்கு. அதைப் பார்ப்போம்.

அந்தத் தொடர் முடிக்கப்படவே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. வேல்ஸ் மூன்றில் மூன்றையும் வென்றது. அயர்லாந்து இரண்டில் இரண்டையும் வென்றது. தோல்வியே காணாத இரண்டு அணிகள், ஆனால் சம்பியன் யாரும் இல்லை. வேல்ஸுக்கு அது பொற்காலம். கரத் எட்வர்ட்ஸ், பரி ஜோன், ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் எல்லோரும் ஒரே அணியில் இருந்தார்கள். முந்தைய வருடம் கிராண்ட் ஸ்லாம் எடுத்தவர்கள். பரி ஜோன் அந்த வருடமே 27 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். டப்ளினில் தோற்றிருப்பார்களோ, வென்றிருப்பார்களோ, யாருக்கும் தெரியாது. அயர்லாந்துத் தலைவர் கியர்னன் அடுத்த வருடத்தோடு விலகினார். அந்த அணியில் இருந்த ஒருவருக்கும் கிராண்ட் ஸ்லாம் கிடைக்கவில்லை. அயர்லாந்து அதை மறுபடி எடுத்தது 2009இல்தான். வயதுபோன ஐரிஷ் ரசிகர்கள் இன்றும் 1972ஐ அந்த ஏக்கத்தோடுதான் நினைப்பார்கள்.

மைதான வாசலில் டிக்கெட் விற்றுத்தான் சங்கம் ஓடிய காலம் அது. இரண்டு போட்டிகளும் இல்லாமல் போனதில் காசும் போனது. அப்போது பிரான்ஸ் ஒரு நல்ல வேலை செய்தது. தொடரில் இல்லாத ஒரு நட்புறவுப் போட்டிக்காக ஏப்ரல் 29ஆம் திகதி டப்ளினுக்கு வந்து விளையாடியது. அயர்லாந்து 24-14 என்று வென்றது. அன்றைக்கு அந்த மைதானத்துக்குத் தேவையாக இருந்தது ஓர் அணி வந்து நிற்பதுதான். பிரான்ஸ் வந்து நின்றது.

பணத்தையும் கிண்ணத்தையும் விடப் பெரிய நட்டம் ஒன்று இருந்தது. வடக்கும் தெற்கும், கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து நின்று ஒரே அணிக்குக் கைதட்டும் இடங்கள் அந்தத் தீவில் மிகக் குறைவு. லான்ஸ்டவுன் றோட் அவற்றில் ஒன்று. அந்த வாசல் மூடிக் கிடந்தால் அந்தக் கொஞ்சமும் இல்லை.

இனி 1973. இந்த வருடத்தின் கேள்வி இன்னும் கஷ்டமானது. டப்ளினுக்கு வர வேண்டிய அணி இங்கிலாந்து. டெரியில் சுட்டது எந்த நாட்டு இராணுவமோ, அந்த நாட்டு அணி. ஸ்கொட்லாந்தும் வேல்ஸுமே வரப் பயந்த ஊருக்கு இங்கிலாந்து வருமா?

நிலைமையும் நன்றாக மாறியிருக்கவில்லை. 1972 டிசம்பர் 1ஆம் திகதி டப்ளின் நகர மத்தியில் வெடித்த குண்டுகளில் இரண்டு பேர் இறந்தார்கள். 1973 ஜனவரி 20ஆம் திகதி இன்னொரு குண்டு ஒருவரைக் கொன்றது. அதே நாளில், அதே நகரத்தில், நியூசிலாந்து அணி அயர்லாந்தோடு விளையாடி 10-10 என்று சமநிலையில் முடித்தது. அதற்குச் சரியாக மூன்று கிழமை கழித்து இங்கிலாந்தின் போட்டி.

இங்கிலாந்து அணித் தலைவர் ஜோன் புலின். குளொஸ்டர்ஷயர் பக்கத்து விவசாயி. அதிகம் பேசாத மனிதர். அவருடைய அணி முந்தைய தொடரில் நான்கு போட்டிகளிலும் தோற்றிருந்தது. 1973இலும் முதல் போட்டியில் வேல்ஸிடம் 25-9 என்று அடி வாங்கியிருந்தது. போகாமல் இருக்க நல்ல காரணம் கையில் இருந்தது, போய்ச் சாதிக்கப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. இங்கிலாந்துச் சங்கம் போவதென்று முடிவெடுத்தது. புலின் அணியைக் கூட்டிக்கொண்டு டப்ளினுக்கு வந்தார்.

பெப்ரவரி 10, சனிக்கிழமை. லான்ஸ்டவுன் றோட்டில் ஐம்பதாயிரம் பேரளவில் கூட்டம். வெள்ளைச் சட்டை அணிந்த இங்கிலாந்து வீரர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள்.

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. கைதட்டல் தொடங்கியது, நிற்கவில்லை. பல நிமிடங்கள் தொடர்ந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் இங்கிலாந்து வீரர்கள் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டெரிப் படுகொலை நடந்து ஒரு வருடமும் சில நாட்களும்தான். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் அதை மறந்துவிடவில்லை, மன்னித்தும் விடவில்லை. மன்னிப்பு என்று ஒன்று கேட்கப்படக்கூட இல்லை. தூதரகம் எரிந்தபோது சுற்றி நின்றவர்களில் சிலர்கூட அங்கே இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஐம்பதாயிரம் பேருக்கும் ஒரு வித்தியாசம் விளங்கியது. சுட்டவன் வேறு, வந்து நிற்கிறவன் வேறு. இரண்டு பேரும் ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே கொடி என்பதற்காக முதலாமவனின் கணக்கை இரண்டாமவன் தலையில் கட்டவில்லை. நான் பல வருடமாக வரலாறு படிப்பிக்கிறேன். யுத்தங்களும் ஒப்பந்தங்களும் புத்தகத்தில் நிறைய இருக்கின்றன. கோபத்தில் இருக்கும் ஒரு கூட்டம் இவ்வளவு தெளிவாக நடந்துகொண்ட இடங்கள் குறைவு.

போட்டியை அயர்லாந்து 18-9 என்று வென்றது. அயர்லாந்தின் இரண்டு ட்ரைகளில் ஒன்றைப் போட்டவர் டொம் கிரேஸ், தெற்கத்தியவர். மற்றதைப் போட்டவர் டிக் மிலிக்கன், வடக்கத்தியவர்.

இரவு விருந்தில் புலின் பேச எழுந்தார். நீளமான பேச்சு எதுவும் இல்லை. நாங்கள் பெரிய அணியாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் குறைந்தபட்சம் வந்து சேருகிறோம் என்ற அர்த்தத்தில் ஒரு வசனம் சொன்னார். மண்டபம் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். புலின் பெரிய வெற்றிகளும் பெற்ற தலைவர். 1972இல் தென்னாபிரிக்காவை அவர்கள் மண்ணில் வென்றார், 1973இல் நியூசிலாந்தையும் அவர்கள் மண்ணில் வென்றார். ஆனாலும் 2021இல் அவர் காலமானபோது எல்லோரும் முதலில் நினைத்தது தோற்றுப்போன அந்த டப்ளின் போட்டியையும் அந்த ஒரு வசனத்தையும்தான்.

1973 தொடர் எப்படி முடிந்தது தெரியுமா? கதைக்காகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பத்துப் போட்டிகளிலும் சொந்த மண்ணில் விளையாடிய அணிதான் வென்றது. ஸ்கொட்லாந்து வேல்ஸை 10-9 என்று ஒரே ஒரு புள்ளியால் வென்றது. ஏப்ரல் 14ஆம் திகதி கடைசிப் போட்டிக்கு பிரான்ஸ் டப்ளினுக்கு வந்தது. வென்றிருந்தால் பிரான்ஸ் தனிச் சம்பியன். அயர்லாந்து 6-4 என்று தடுத்தது. ஐந்து அணிகளுக்கும் தலா இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. ஐந்து அணிகளும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. அந்தத் தொடரின் வரலாற்றில் ஐந்து அணிகளும் சமநிலையில் முடிந்தது அந்த ஒரு தடவைதான்.

முந்தைய வருடம் யாருக்கும் பட்டம் இல்லை. அடுத்த வருடம் எல்லோருக்கும் பட்டம். இடையில் மாறியது என்ன? எல்லோரும் எல்லோரிடமும் போனார்கள். அவ்வளவுதான்.

1974இல் வேல்ஸும் ஸ்கொட்லாந்தும் டப்ளினுக்கு வந்தன. அந்த வருடம் அயர்லாந்து, வடக்கத்தியரான மக்பிரைட்டின் தலைமையில், தொடரைத் தனியாக வென்றது. 1951க்குப் பிறகு முதல் தடவை.

இதனால் அயர்லாந்தில் சமாதானம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கலவரம் இன்னும் இருபத்தைந்து வருடம் நீண்டது. 1974 மே மாதத்தில் டப்ளினிலும் மொனஹனிலும் ஒரே நாளில் வெடித்த குண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1998இல்தான் பெரிய வெள்ளி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒரு மெச் யுத்தத்தை நிறுத்தாது. ஆனால் 1973க்குப் பிறகு அந்த முழுக் காலத்திலும், எந்தக் குண்டு வெடித்தபோதும், அந்தத் தொடரில் டப்ளினுக்கு வர மாட்டோம் என்று ஓர் அணியும் சொல்லவில்லை. ஒரு வாசல் திறந்தே இருந்தது.

நம்முடைய நாட்டுக்கும் இதைப் போன்ற ஒரு நாள் தெரியும். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, உலகக் கிண்ணக் கிரிக்கெட்டுக்காகக் கொழும்புக்கு வர முடியாது என்று அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் சொல்லிவிட்டன. அப்போது பெப்ரவரி 13ஆம் திகதி, இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்கு வந்து நம்மோடு விளையாடினார்கள். வராமல் விட்டவர்களிடம் கிடைத்த புள்ளிகள் இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அசாருதீனும் வசீம் அக்ரமும் ஒரே பக்கம் நின்றதை என் வயதுக்காரர் எவரும் மறக்கவில்லை. டப்ளின் கூட்டம் ஏன் எழுந்து நின்றது என்று எனக்கு விளங்குவது அதனால்தான்.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு என் பதில்.

மகன், போகாமல் விட்டால் நட்டம் ஒரு மெச் மட்டும் இல்லை. இந்த வருடம் நாம் போகாவிட்டால் அடுத்த வருடம் அவர்கள் வர மாட்டார்கள். மூன்றாம் வருடம் அப்படியொரு போட்டி இருந்ததே சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் ஊர்ப் பிள்ளைக்கும் அந்த ஊர்ப் பிள்ளைக்கும் பெயர் தெரிந்து பழகும் ஒரே இடம் அந்த மைதானம் என்றால், அதை மூடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். கைகலப்பில் ஈடுபட்டவர்கள் நாலைந்து பேர். அவர்களின் கணக்கை அவர்களோடு பேசித் தீர்ப்போம். அந்தக் கழகத்துப் பதினொரு பிள்ளைகளின் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.

பயம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். பெரியவர்கள் கூடப் போவோம். இரண்டு பள்ளி நிர்வாகமும் முன்கூட்டிப் பேசட்டும். நேரத்தோடு போய் நேரத்தோடு திரும்பலாம். எந்தப் பிள்ளையின் வீட்டில் விருப்பமில்லையோ, அந்தப் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கழகக் கூட்டம் இருக்கிறது. என் கருத்தை இங்கே எழுதிவிட்டேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், அல்லது கூட்டத்தில் நேரில் சொல்லுங்கள். எப்படியும் முடிவெடுக்கப் போவது விளையாடுகிற பிள்ளைகள்தான். அவர்கள் போவதென்றால், பஸ்ஸில் எனக்கும் ஒரு சீட் போடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை.